கண்ணாடி அறைக்குள் ஒரு சீடிப் பெட்டி

நான் பொறாமைக்காரி. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். வாசித்துக்கொண்டு போய் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அதுவும் பொறுக்காது.

மொன்றியலில் இருபத்தாறு வருடங்கள் எலக்ட்ரோனிக் சாமான்கள் திருத்தினேன். வீடியோ டெக், ரேடியோ, மைக்ரோவேவ், கடைசிக் காலத்தில் ப்ரிண்டர். இளைப்பாறிய பிறகு, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் சங்கத்து ஆண்டு மலர்க்காரர்கள் கேட்டார்கள். நான் திருத்திய சாமான்களைப் பற்றி எழுதினால் ஒரு மலர் போதாது. ஆனால் எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது, திருத்தத் தெரிந்தும் திருத்தாமல் மூடி வைத்த ஒரு பெட்டி. ஆகவே அதையே எழுதுகிறேன்.

1. ஆறு மேசை, ஆறு நிறம்

சென்-லோறோன் பக்கம் ஒரு சேர்விஸ் சென்ரர். முன்னால் சாமான் வாங்கும் கவுண்டர், பின்னால் நீளமான ஒரு ஹோல். ஹோலில் ஆறு மேசைகள், ஆறிலும் பெண்கள். மனேஜர் முசியூ ஜீல். இப்படியான குறிப்புகளில் மனேஜர் எப்போதும் மடையனாக இருப்பார். இவர் நல்ல மனிதர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான்.

என் வலப்பக்க மேசை றோஸ். ஹெய்ட்டியிலிருந்து வந்தவள். மொன்றியல்-நோரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். காலையில் ஒரே பஸ், ஞாயிற்றுக்கிழமை ஒரே மாதா கோயிலில் பூசை. இடப்பக்க மேசை பத்மினி, சுன்னாகத்துக்காரி, என்னைவிட நான்கு வயது இளையவள். வந்த முதல் நாள் சோல்டரிங் அயனைக் கரண்டி பிடிப்பது போலப் பிடித்தாள். பேனை போலப் பிடிக்க வேண்டும் என்று அவள் விரலை மடக்கிக் காட்டியது நான்தான். இதை நான் பலருக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அவளிடம் எனக்கு எரிச்சல் தந்தவற்றைப் பட்டியல் போட்டால் மலரின் ஆசிரியர் வெட்டிவிடுவார். முக்கியமானது அவளுடைய பிரெஞ்சு. நான் மன்னாரிலிருந்து வந்து இறங்கிய மூன்றாம் கிழமையே வேலைக்குப் போனவள். அவள் ஒரு வருடம் முழுக்க வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். முசியூ ஜீல் என்னோடு கதைக்கும்போது இரண்டு கையையும் ஆட்டுவார். அவளோடு கதைக்கும்போது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இனி வரும் கதைக்கு எங்கள் மேசைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்க்கியூட்டுகளில் ட்ரிம்மர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், உளுந்தளவு. அதைத் திருப்பி அளவைச் சரிசெய்தபின் அது தானாக அசைந்துவிடாமல் ஒரு துளி அரக்குப் போட்டுப் பூட்ட வேண்டும். கொம்பனி தந்த அரக்குப் போத்தல் எப்போதும் காய்ந்துபோயிருக்கும். ஆகவே நாங்கள் கியூட்டெக்ஸ் போட்டோம், நகத்துக்குப் பூசும் அதே கியூட்டெக்ஸ்தான். ஆளுக்கு ஒரு நிறம். எனக்குக் கடும் சிவப்பு, றோஸுக்குப் பொன்நிறம். பத்மினிக்கு ஊதா, தங்கச்சியின் கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய போத்தல். மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் பெயரின் முதல் எழுத்தும் நாளும் மாதமும் எழுதுவோம். திருத்திய சாமான் திரும்பி வந்தால், மூடியைத் திறந்து நிறத்தைப் பார்த்தே யாருடைய வேலை என்று முசியூ ஜீல் சொல்லிவிடுவார். சிவப்புத் திரும்பி வந்தது குறைவு. இதையும் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

2. டெக்கில் இருந்த விளக்கு

புது டெக்குகள் மலிந்து, பழையதைத் திருத்தக் கொண்டுவருகிறவர்கள் குறைந்துகொண்டு வந்த காலம். அப்போதுதான் அந்தச் சீடிப் பெட்டி வந்தது. அதன் உண்மையான பெயரை எழுதப் போவதில்லை, எழுதினாலும் இன்றைக்குச் சிலருக்குத்தான் தெரியும். அதுவரை வீடியோ கேம் என்றால் பிளாஸ்டிக் கட்டை ஒன்றைச் செருகுவது. இதில் சீடி. அதற்குள் பாட்டு, படம், உண்மையான மனிதர்கள் நடித்த காட்சிகள் எல்லாம் இருந்தன. கடைகளில் பெரிய ரீவி முன்னால் ஓடவிட்டிருந்தார்கள். வளர்ந்த ஆட்கள் வேலை முடிந்து போகிற வழியில் கோட்டோடு நின்று பார்ப்பார்கள். விலையைக் கேட்டதும் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். மீதிப் பேர் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கினார்கள்.

கியூபெக் மாகாணம் முழுவதற்கும் அதைத் திருத்தும் ஒப்பந்தம் எங்கள் சென்ரருக்குக் கிடைத்தது. முசியூ ஜீல் எல்லாருக்கும் டோனட் வாங்கித் தந்தார்.

ஜனவரியில் தலையிடி தொடங்கியது. ஆட்கள் பெட்டியைக் கொண்டுவந்து "சீடியை வாசிக்குதில்லை" என்பார்கள். கவுண்டரில் போட்டுப் பார்த்தால் வாசிக்காது. பின்னால் கொண்டுவந்து, முறை வந்து, மேசையில் வைத்துப் போட்டால் நன்றாக ஓடும். பழுதில்லை என்று எழுதித் திருப்பிக் கொடுப்போம். அடுத்த நாள் அதே ஆள் அதே பெட்டியோடு இன்னும் சிவந்த முகத்தோடு நிற்பார். இரண்டு கிழமையாக முசியூ ஜீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரிந்தார்.

எனக்கு அது ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிடிபட்டது. பழைய டெக்குகளில் "டியூ" என்று ஒரு சின்ன விளக்கு இருக்கும். உள்ளே ஈரம் பிடித்தால் விளக்கு எரியும், டெக் ஓடாது. சீடிப் பெட்டியில் அந்த விளக்கு இல்லை. நான் பத்மினியிடம் சொன்னேன்.

"பத்மினி, இது பழுதில்லை. காருக்குள்ள விறைச்சுக் கிடந்த பெட்டியைக் கொண்டுவந்து சூட்டுக்குள்ள வைச்சு உடனை போடுகினம். லென்ஸ் வேர்க்குது. ரெண்டு மணித்தியாலம் விட்டுட்டுப் போட்டால் ஓடும்."

அவள் சாப்பாட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஓமக்கா. டெக் மாதிரித்தான் என்ன?"

பின்னேரம் அவள் ஜொப் கார்டுகளைக் கொடுக்க மனேஜரின் அறைக்குப் போனாள். கதவுக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து லென்ஸ் போல வட்டம் போட்டுக் காட்டினாள். அடுத்த நாள் "வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு மணி நேரம் கழித்துப் போடவும்" என்று பிரெஞ்சில் அச்சடித்த துண்டு ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டப்பட்டது. அடுத்த கிழமை, ரொறன்ரோவில் அந்தச் சீடிப் பெட்டிக்கான பயிற்சிக்கு எங்களில் ஒருவரை அனுப்பப் போவதாக அறிவித்தார்கள். அந்த ஒருவர் பத்மினி.

என் பெயரை அவள் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "சொன்னனான்" என்பாள், அது எனக்கு இன்னும் பொறுக்காது.

3. கண்ணாடி அறை

அவள் திரும்பி வருவதற்குள் ஹோலின் கடைசியில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு அறை செய்தார்கள். தரையில் ரப்பர் விரிப்பு, மேசையில் தனி விளக்கு, ஆணியில் வெள்ளைக் கோட். அறைக் கதவுப் பூட்டின் திறப்பு அவளிடம் மட்டும். சீடியை வாசிக்கும் லேசர் பகுதியைத் திறக்கவோ அதன் ட்ரிம்மரைத் தொடவோ மாட்டேன், பழுதானால் முழுதாக மாற்றுவேன் என்று பயிற்சியில் அவள் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

அந்தக் கோடையில் பெட்டி நன்றாக விலைப்பட்டது. ரீவியில் விளம்பரம், கடை வாசலில் ஆள் உயரத்துக்கு அட்டை. கொம்பனியிலிருந்து இரண்டு பேர் கேக்கோடு வந்து எங்களைப் பாராட்டினார்கள். பத்மினியை வெள்ளைக் கோட்டோடு பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைக் கவுண்டருக்குப் பின்னால் சட்டம் போட்டுக் கொழுவினார்கள். நாங்கள் வந்ததும் போவதுமாக எங்கள் கோட்டுகளைக் கொழுவும் இடம் அதற்குக் கீழேதான் இருந்தது. காலையும் மாலையும் நாளுக்கு இரண்டு தரம் அவள் படத்துக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, நீங்களும் ஒருக்கா உள்ள வந்து பாருங்கோவன்," என்று அவள் கூப்பிட்டதுண்டு. எனக்கு வேலை இருக்கிறது என்றேன். முன்னால் இருந்ததோ முள்ளுக் கழன்ற ஒரு மணிக்கூட்டு ரேடியோ.

றோஸுக்கு இதெல்லாம் விளங்கும். பஸ்ஸில் ஒருநாள் சொன்னாள்: "றெஜினா, நீ அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற ஆள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்." அவளுக்கு வேறு யோசனை. அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகள் ஹெய்ட்டியில், போர்ட்-ஓ-பிரன்ஸில், அவளுடைய தமக்கையோடு இருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடுவதற்கான குடிவரவுக் கடதாசிகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. கடைசி முடிவு வரும்வரைக்கும் அவளுக்கு நிரந்தர வேலை இருப்பதாகக் கடிதம் வேண்டும். மலிவு விற்பனையில் பிள்ளைகளுக்கு இரண்டு சோடி பனிப் பூட்ஸ் வாங்கி வேலைத்தள லொக்கருக்குள் வைத்திருந்தாள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. வீட்டில் வைத்தால் பார்த்துப் பார்த்து அழுகை வருகிறது என்றாள்.

4. எட்டில் ஒரு பங்கு

இரண்டாவது குளிர்காலம் வந்தது. மறுபடியும் பெட்டிகள் "வாசிக்குதில்லை" என்று வந்தன. இந்த முறை இரண்டு மணி நேரம் அல்ல, இரண்டு நாள் விட்டாலும் வாசிக்கவில்லை. லேசர் களைத்துவிட்டது. பத்மினி முழு லேசரையும் மாற்ற வேண்டும். அந்தச் சாமான் கடல் கடந்து வர வேண்டும். மாதத்துக்கு நாலைந்துதான் வந்தது. கண்ணாடி அறையில் பெட்டிகள் தரையிலிருந்து யன்னல்வரை அடுக்கியிருந்தன. கிழமைக்கு இரண்டு மூன்று மட்டும் திருந்தி வெளியே போகும். கவுண்டரில் அதிகம் சத்தம் போடுகிறவர்களுக்கு வந்த சாமானைப் போட்டுக் கொடுக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த அடுக்கு உயர உயர எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மார்ச்சில் பத்மினியின் மகனுக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்தது. அவள் ஒரு கிழமை லீவு. சாமான் பார்சல் வந்தால் உள்ளே எடுத்து வைக்கும்படி முசியூ ஜீல் கண்ணாடி அறைத் திறப்பை என்னிடம் தந்தார். பார்சல் இரண்டாம் நாள் வந்தது. எடுத்து வைத்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அடுக்கில் மேலே இருந்த பெட்டியை இறக்கி மூடியைக் கழற்றினேன்.

டெக், ரேடியோ என்று வருடக்கணக்கில் ட்ரிம்மர் திருப்பிய கைக்கு அது பெரிய வித்தை அல்ல. லேசருக்குப் பக்கத்தில் ஒரு ட்ரிம்மர் இருந்தது. முதலில் அது நின்ற இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டேன். பிறகு சுற்றில் எட்டில் ஒரு பங்கு திருப்பினேன். கூடத் திருப்பினால் லேசர் எரிந்துவிடும், குறையத் திருப்பினால் பயனில்லை. சீடியைப் போட்டேன். ஒருமுறை தயங்கி, பிறகு சுற்றத் தொடங்கியது. ரீவியில் படம் வந்தது.

நான் வெள்ளைக் கோட் போடாமல், ரொறன்ரோவுக்குப் போகாமல், பத்து நிமிடத்தில் செய்தேன். யன்னல்வரை இருந்த அத்தனையையும் நாங்கள் ஆறு பேர் சேர்ந்தால் இரண்டு கிழமையில் முடித்திருப்போம்.

சிவப்புக் கியூட்டெக்ஸ் போத்தலைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போது அந்த வட்டம் நினைவுக்கு வந்தது. லென்ஸ் போல அவள் விரலால் போட்ட வட்டம். இதைச் சொன்னால் அடுத்த திங்கள் அவள் வந்து, இந்தக் கதிரையில் இருந்து, என் எட்டில் ஒரு பங்கைத் திருப்பித் திருப்பி இன்னொரு படம் எடுத்துக் கொழுவுவாள். போத்தலை மூடினேன். ட்ரிம்மரைப் பென்சில் கோட்டுக்கே திருப்பி விட்டேன். கோட்டையும் விரலால் அழித்தேன். மூடியைப் பூட்டி, பெட்டியை அடுக்கின் மேல் வைத்து, போய்ச் சாப்பிட்டேன்.

5. ஈஸ்டருக்கு முந்திய கூட்டம்

பத்மினி திரும்பி வந்து சில நாட்களில் முசியூ ஜீல் எல்லாரையும் ஹோலின் நடுவில் கூப்பிட்டார். கையில் கொம்பனியின் கடிதம். பிரெஞ்சில் அவர் சொல்லச் சொல்ல, வழக்கம் போலப் பத்மினி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ஈஸ்டருக்கு முதல் இந்த அடுக்குப் பாதியாக் குறைய வேணுமாம். இல்லையெண்டால் ஒப்பந்தத்தை ரொறன்ரோவுக்குக் குடுக்கப் போகினமாம். ஒப்பந்தம் போனால் பின்பக்கம் முழுக்க மூட வேண்டி வருமெண்டு சொல்லுறார்."

முசியூ ஜீல் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். இன்னும் ஏதோ கேட்டார். பத்மினி என் முகத்தைப் பார்த்துத்தான் அதைத் தமிழாக்கினாள்.

"ஆருக்கும் ஏதும் வழி தெரிஞ்சால் சொல்லட்டாம். விதிமுறையை மீறினாலும் பரவாயில்லையாம், தான் பொறுப்பெடுக்கிறாராம்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எங்களுக்கு நடுவில் றோஸ் நின்றாள், லொக்கர்த் திறப்பைக் கைக்குள் பிடித்துக்கொண்டு. பூட்ஸ் இரண்டு சோடியும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. இதை மறந்துபோய் நின்றேன் என்று எழுதினால் அது பொய்.

நான் வாய் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்ற அந்த இனிப்பை விட எனக்கு மனம் வரவில்லை. இன்னும் இரண்டு நாள் போகட்டும், அவள் தோற்றுப்போனாள் என்று எல்லாரும் பார்க்கட்டும், பிறகு சொல்லலாம் என்று எண்ணினேன். இரண்டு நாள் ஒரு கிழமையானது. ஒரு கிழமைக்குப் பிறகு சொன்னால், இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம் வந்தது. ஈஸ்டர் வந்தது.

ஒப்பந்தம் ரொறன்ரோவுக்குப் போனது. யூன் மாதத்தில் பின்பக்கத்தை மூடினார்கள். முசியூ ஜீல் ஒவ்வொருவருக்கும் தன் கையால் நற்சான்றுக் கடிதம் எழுதித் தந்தார். எனக்குத் தந்ததில் "சிறந்த கை" என்று இருந்ததாக மகள் வாசித்துச் சொன்னாள். பத்மினி புருஷனோடு லவாலுக்கு வீடு மாறி அங்கே ஒரு வங்கியில் சேர்ந்தாள். நான் கொஞ்சக் காலம் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் சோமாஜ் காசு எடுத்து, பிறகு ப்ரிண்டர் திருத்தும் இடத்துக்குப் போனேன்.

றோஸ் ஹொட்டேல் ஒன்றில் கட்டில் விரிக்கப் போனாள். தற்காலிக வேலை, கடிதம் இல்லை. அவளுடைய பிள்ளைகளின் கடதாசி நின்றுபோனது. மறுபடி தொடங்கி, பிள்ளைகள் வந்து இறங்க இரண்டு வருடங்களுக்கு மேல் ஆனது.

அந்தப் பெட்டியும் நெடுநாள் நிலைக்கவில்லை. விளையாட்டுகள் குறைவு, ஒவ்வொன்றும் தொடங்க நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விலையும் இறங்கவில்லை. அடுத்த குளிர்காலம் வேறொரு கொம்பனி மலிவாக, வேகமாக ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவும் சீடிதான். எங்கள் பெட்டி கடை வாசலில் கழிவு விலைக் கூடைக்குள் போனது, பிறகு கொம்பனி செய்வதையே நிறுத்தியது. இதை வைத்து நான் பல வருடங்கள் என்னைத் தேற்றினேன். எப்படியும் செத்துப்போகிற பெட்டி, நான் சொல்லியிருந்தாலும் ஒப்பந்தம் இன்னொரு வருடம்தான் இருந்திருக்கும் என்பேன். றோஸுக்குத் தேவைப்பட்டது ஆறு மாதம்.

6. நூலகத்தில் ஒரு சனிக்கிழமை

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு நூலகத்துக்குப் போகிறேன். ஆட்கள் பழுதான சாமான்களைக் கொண்டுவருவார்கள், நாங்கள் நாலைந்து இளைப்பாறியவர்கள் இலவசமாகத் திருத்திக் கொடுப்போம். பெரும்பாலும் பாண் வாட்டும் ரோஸ்டரும் மின்விளக்கும்தான். போன மாதம் லூக் என்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஒரு பெட்டியைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இதைப் பார்த்திருக்க மாட்டீங்கள், மதாம். மிகவும் பழசு. பழைய கேம் பெட்டிகள் சேர்க்கிறவர்கள் இதைத் தேடி அலைகிறார்கள். மாமா வீட்டில் இருந்தது. சீடியை வாசிக்குதில்லை."

கீழே புரட்டினேன். எங்கள் சென்ரரின் ஸ்டிக்கர் மங்கிப்போய் ஒட்டியிருந்தது.

மூடியைக் கழற்றினேன். லேசருக்குப் பக்கத்தில் அந்த ட்ரிம்மர். அதன் தலையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு.

யாரும் தொடக்கூடாது என்று கையெழுத்து வைத்த ட்ரிம்மர். மூடியின் உள்பக்கம் பார்த்தேன். பென்சிலால் "ப" என்று தமிழில் எழுதி, பக்கத்தில் நாளும் மாதமும். ஜனவரி. முதல் ஜனவரியில் அவள் இன்னும் பயிற்சிக்கே போகவில்லை, ஆகவே இரண்டாவது குளிர்காலத்து ஜனவரி.

கிழமைக்கு இரண்டு மூன்று பெட்டி எப்படித் திருந்தி வெளியே போனது என்று அப்போதுதான் விளங்கியது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு "ஆருக்கும் ஏதும் வழி தெரிஞ்சால் சொல்லட்டாம்" என்று அவள் தமிழாக்கிய நேரத்திலும் தெரிந்திருக்கிறது. கோபம் வரவேண்டிய இடம். எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. ஜனவரி, நான் மார்ச். என்னைவிட இரண்டு மாதம் முந்தியிருக்கிறாள். முப்பது வருடம் கழித்து, ரோஸ்டர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, எனக்கு வயிறு எரிந்தது.

லூக்கைக் கோப்பி குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டுப் பத்மினிக்குப் போன் எடுத்தேன். கல்யாண வீடுகளில் கண்டால் தலையாட்டுவதோடு சரி, நாங்கள் கதைத்து வருடங்கள் இருக்கும். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். ஊதாப் பொட்டையும் சொன்னேன்.

"பூட்டாமல் விட்டால் அது தானாத் திரும்பிடும் எல்லோ அக்கா," என்றாள் மெதுவாக. "அதுதான் கியூட்டெக்ஸ் வைச்சனான்."

"ஏனடி சொல்லேல்லை? கையெழுத்து வைச்சதாலையோ?"

"அதுக்கெண்டுதான் நானும் கனகாலம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான். அதில்லை. ட்ரிம்மர்தான் வேலை எண்டு தெரிஞ்சால் உங்களை உள்ள விடுவினம். நான் ஒண்டு செய்யிற நேரத்துக்கு நீங்கள் நாலு செய்வீங்கள். பேந்து அந்த அறையில எனக்கு என்ன வேலை? உங்கட கையை நான் பார்த்துக்கொண்டிருந்தனான் அக்கா, முதல் நாளில இருந்து."

முப்பது வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டதும் நன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நான் மார்ச்சில் செய்ததை அவளுக்குச் சொன்னேன். பென்சில் கோட்டை அழித்ததையும் சொன்னேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்," என்றாள் பத்மினி.

"ஓம்."

"றோஸுக்கு ஆர் சொல்லுறது?"

அன்றைய கூட்டத்தில் இருவரும் வாயை மூடிக்கொண்டு நின்றவர்கள். இந்த முறை நான் முந்தினேன். "நான் சொல்லுறன். நாளைக்குப் பூசையில காணுவன்."

லூக் வந்தபோது ட்ரிம்மரில் காய்ந்திருந்த ஊதாவைச் சுரண்டி, இத்தனை வருடத்தில் மேலும் களைத்துப்போன லேசருக்காக இன்னொரு எட்டில் ஒரு பங்கு திருப்பினேன். சீடி சுற்றியது. கைப்பையில் இருந்த சிவப்பை ஒரு துளி வைத்தேன். அடுத்துத் திறக்கிற ஆளுக்கு விளங்கும்படி, எதை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று மூடியின் உள்பக்கம் பிரெஞ்சில் எழுதச் சொன்னேன். அவர் எழுத, நான் பக்கத்தில் நின்று சரிபார்த்தேன்.

7. பூசை முடிந்து

மறுநாள் பூசை முடிந்து, கோயிலுக்குக் கீழே கோப்பி தரும் மண்டபத்தில் றோஸைப் பிடித்தேன். எழுபதுக்கு மேலாகிறது, இன்னும் நிமிர்ந்து நடக்கிறாள். என் பிரெஞ்சு இப்போது பழுதில்லை. பெட்டி, ட்ரிம்மர், மார்ச், கூட்டம் எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் கோப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்," என்றாள். "பத்மினி நேற்றுப் போன் எடுத்துச் சொன்னாள். தான் செய்ததையும் சொன்னாள், நீ செய்ததையும் சொன்னாள்."

என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். "எத்தனை மணிக்கு?"

றோஸ் கலக்குவதை நிறுத்தினாள்.

"பிள்ளைகள் வந்து இறங்கினபோது அந்தப் பூட்ஸ் ரெண்டு பேருக்கும் கால் ஏறேல்லை, றெஜினா. புதுசாகவே கோயிலுக்குக் குடுத்தேன். மூத்தவள் விமான நிலையத்தில் என்னை மதாம் என்று கூப்பிட்டாள். நீ எத்தனை மணி என்று கேட்கிறாய்."

அவள் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறு பூசையில், நாங்கள் வழக்கமாகச் சேர்ந்து உட்காரும் வாங்குப் பலகையை விட்டு வேறு வாங்கில் இருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அங்கேதான் இருந்தாள். நான் இன்னும் பழைய வாங்கிலேயே இருக்கிறேன், பக்கத்தில் இடம் விட்டு.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு: ட்ரிம்மரைத் திருப்ப முதல் அது நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். எட்டில் ஒரு பங்குக்கு மேல் திருப்பாதீர்கள். கியூட்டெக்ஸ் காயும்வரை மூடியை மூடாதீர்கள். பிறகு அன்றைக்கே, மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல், பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவள் உங்களுக்குப் பிடிக்காதவள் என்றால் காலைத் தேத்தண்ணிக்கு முதலே காட்டிவிடுங்கள்.